ஆறு மனுவும் ஒரே மேசைக்குத் திரும்பியது ஏன்?

வாசகர் கடிதம் (சுருக்கம்):

வக்கீலம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயசு 56. கன்னியாகுமரி மாவட்டத்துல ஈத்தாமொழி பக்கம் வீடு. வீட்டுக்காரர் போன பிறகு வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, ரெண்டு மோட்டார் ராட்டு வச்சு கயிறு திரிக்கிறேன். கூட மூணு பெண்கள் வேலைக்கு வாறாங்க. தும்பு, அதான் தேங்காய் நார், வெளிய இருந்து வாங்குறோம். சின்னத் தொழிலுக்கு உள்ள கரண்ட் கனெக்‌ஷன்தான், அதை கரண்ட் ஆபீஸ்காரங்களேதான் அப்படிப் போட்டுத் தந்தாங்க. போன ஆவணியில அங்க இருந்து ரெண்டு பேர் வந்து பாத்துட்டு, "இங்க வச்சு கயிறு விக்கிறீங்க, அப்போ இது கடை"ன்னு எழுதிட்டுப் போனாங்க. அடுத்த மாசம் மூணு வருஷத்துக்கு வித்தியாசத் தொகைன்னு 74,000 ரூபாய் கேட்டு ஒரு கடிதாசி. கட்டலைன்னா கரண்டை வெட்டிருவோம்னு வாயால சொல்லுறாங்க.

கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனு, முதல்வரின் முகவரி, மனித உரிமை ஆணையம், தகவல் ஆணையம், லோக் ஆயுக்தா, மகளிர் ஆணையம் எல்லாத்துக்கும் மகன் டைப் அடிச்சு அனுப்பினான். சில இடத்துல இருந்து "எங்க வரம்புல இல்ல"ன்னு வந்துது. மத்தது எல்லாம் சுத்திச் சுத்தி, நான் யாரைப் பத்தி எழுதினேனோ அதே ஆபீசுக்கே போய்ச் சேந்துது. அங்க உள்ளவங்க என்னைக் கூப்பிட்டு, "எதுக்கு ஊரெல்லாம் மனு போடுதீங்க"ன்னு கேக்காங்க. தன்னாட்சி ஆணையம்னு பேரு வச்சிருக்காங்களே, அப்படி ஒண்ணு நெசமாவே இருக்கா? கேரளாவுல பாறசாலையில இருக்க என் மைத்துனர் கொட்டாரக்கரைக்கு எழுதிப் போட்டா நடக்கும்ங்காரு. நான் என்னத்த செய்ய?

பதில்:

அக்கா, உங்கள் மகன் அனுப்பிய மனுவின் நகலையும், வந்த பதில்களையும் வரிசையாக மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். மனு நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆறு இடத்துக்கும் வரி மாறாமல் ஒரே மனு போயிருக்கிறது. பெறுநர் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. உங்கள் காரியம் சிக்கியது அந்த இடத்தில்தான். உங்கள் பக்கம் நியாயம் இல்லாததால் அவை திரும்பவில்லை. அதனால் முதலில் மனதை விட்டுவிடாதீர்கள்.

தன்னாட்சி ஆணையம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுத் துறைக்கு மேலே ஒரு துறை உண்டு, அங்கே சொன்னால் கீழே உள்ளவர்களைத் தட்டிக் கேட்பார்கள் என்றுதான் நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எல்லாவற்றுக்கும் மேலான ஓர் இடம் சட்டத்தில் கிடையாது. ஒவ்வொரு ஆணையத்தையும் ஒரு சட்டம் பெற்றெடுத்திருக்கிறது. அந்தச் சட்டம் ஒரு வேலையைக் கொடுத்து, அந்த வேலையில் அமைச்சரோ செயலாளரோ உத்தரவிட முடியாதபடி வேலி போட்டிருக்கிறது. அந்த வேலிக்கு வெளியே அந்த ஆணையத்தால் ஒரு கடிதத்தை இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பத்தான் முடியும். அனுப்பினார்கள்.

நீங்கள் எழுதிய இடங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கலெக்டர் அலுவலகத் திங்கள்கிழமைக் குறைதீர் நாளும் முதல்வரின் முகவரியும் தன்னாட்சி அமைப்புகளே இல்லை. அரசு தன் துறைகளிடமே மனுவைச் சேர்க்கும் வழிகள் அவை. பட்டா, முதியோர் உதவித்தொகை போன்ற காரியங்களுக்கு அவை பயன்படும், பில் தகராறைத் தீர்த்து உத்தரவு போட அவற்றுக்கு அதிகாரம் இல்லை. மாநில மனித உரிமைகள் ஆணையம் 1993ஆம் ஆண்டு சட்டப்படி 1997 முதல் நம் மாநிலத்தில் இயங்குகிறது. போலீஸ் நிலையத்தில் அடித்தார்கள், அரசு ஊழியர் ஒருவரின் செயலால் மானமும் உயிரும் பாதிக்கப்பட்டன என்றால் அங்கே போக வேண்டும், அதுவும் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள். லோக் ஆயுக்தா 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அது ஊழல் புகாருக்கான இடம். உங்கள் மனுவில் யாரும் லஞ்சம் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. கேட்காதபோது அப்படி எழுதாமல் விட்டது உங்கள் நேர்மை, அதை நான் மதிக்கிறேன். மகளிர் ஆணையம் உங்களைப் பெண் என்பதற்காக ஒருவர் கொடுமைப்படுத்தினால் கேட்கும். தகவல் ஆணையத்துக்கு நீங்கள் எழுதியதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் சரியான வழியில் போயிருந்தால் அந்த ஆணையம் உங்களுக்கு உதவியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஓர் இடம் இருக்கிறது. அதுதான் உங்கள் இடம்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999இல் அமைக்கப்பட்டது, இப்போது சென்னை கிண்டியில் இருக்கிறது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். இவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர் தலைவர். பதவிக்காலம் ஐந்து ஆண்டு அல்லது 65 வயது, அதே பதவியில் மறுபடியும் அமர்த்த முடியாது. இவையெல்லாம் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் அரசு சொல்லும் வழிகாட்டுதலை இந்த ஆணையம் ஏற்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் யூனிட் என்ன விலை, யார் எந்த வகையில் வருவார்கள் என்று முடிவு செய்வது இந்த ஆணையம்தான். மின்வாரியம் இல்லை, அமைச்சரும் இல்லை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிறோமே, அதில்கூட விலையை வைப்பது ஆணையம். அந்த விலையை மக்களுக்காக மானியமாகக் கட்டுவது அரசு.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மகனிடமும் கொடுங்கள். ஓர் ஆணையம் தான் வெளியிட்ட காகிதங்களின் வழியாகத்தான் ஆட்சி செய்கிறது. அதன் தலைவரை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. அது வெளியிட்ட காகிதத்தைப் பார்த்தால் போதும். உங்கள் ஊர் உதவிப் பொறியாளரையும், வந்து எழுதிவிட்டுப் போன அந்த இரண்டு பேரையும், உங்களையும், என்னையும் அந்தக் காகிதம் ஒரேபோல் கட்டுப்படுத்தும்.

அதில் முதலாவது கட்டண ஆணை. மின்வாரியத்துக்காரர்கள் வீதப்பட்டி என்பார்கள். இப்போதைய கட்டண அமைப்புக்கு அடிப்படை 2022 செப்டம்பர் 9 அன்று ஆணையம் பிறப்பித்து, மறுநாள் முதல் நடைமுறைக்கு வந்த ஆணை. அதற்குப் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன, வகைகளிலும் சில திருத்தங்கள் வந்தன. ஒவ்வொரு வகைக்கும் யார் யார் அதில் வருவார்கள் என்று அந்த ஆணையில் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறது. உங்கள் வெள்ளை அட்டையில், அதாவது மின் கணக்கு அட்டையில், 3-ஏ(1) என்று இருக்கிறது. குடிசைத் தொழிலும் பொருள் உற்பத்தி செய்கிற குறுந்தொழிலும் அதில் வரும். இணைக்கப்பட்ட மின்சுமை 12 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் ராட்டு மோட்டார் ஒவ்வொன்றும் ஒரு குதிரைத்திறன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு குதிரைத்திறன் முக்கால் கிலோவாட்டுக்குச் சற்றே குறைவு. விளக்கும் மின்விசிறியும் சேர்த்தாலும் இரண்டு கிலோவாட் பக்கம்தான் நிற்கும். அளவில் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

அவர்கள் உங்களை மாற்றச் சொல்வது 5ஆம் வீதப்பட்டிக்கு. அதை வணிகக் கட்டணம் என்று வாய்வழக்கில் சொல்கிறோம். அந்த வகையின் விளக்கத்தைப் படித்தால் ஒன்று தெரியும்: வேறு எந்த வகையிலும் அடங்காதவர்கள் வந்து சேரும் இடம் அது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "நான் 3-ஏ(1)இல் அடங்குவேனா, மாட்டேனா?" அடங்கினால் 5ஆம் வகைக்கு உங்களைத் தள்ள இடமே இல்லை. தும்பு உள்ளே வருகிறது, ராட்டில் ஏறுகிறது, கயிறாக வெளியே போகிறது. இது உற்பத்தி. செய்த பொருளை வாசலில் வைத்து விற்பதால் செய்தது உற்பத்தி இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்பது என் வாதம். நீங்கள் வேறெங்கிருந்தோ கயிறும் மிதியடியும் வாங்கி வைத்து, அதே இணைப்பில் கடையும் நடத்துகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. அப்படி ஏதாவது இருந்தால் எனக்கு மறைக்காமல் எழுதுங்கள். மன்றத்தில் எதிர்த்தரப்பு சொல்லி நான் தெரிந்துகொள்ளும்படி வைக்காதீர்கள்.

இந்தக் கட்டண ஆணை வருவதற்கு முன் விண்ணப்பத்தை வெளியிட்டு, பொதுமக்கள் சொல்லும் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். 2022 ஆகஸ்ட்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று இடங்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கோவையில் சிறுதொழில் அமைப்பினர் போய்ப் பேசினார்கள். நம் மாவட்டத்துக் கயிறு தொழில் பெண்களுக்கு மதுரை போய்வர ஒரு நாள் கூலி போகும், அது எனக்குத் தெரியும். ஆனால் எழுத்தில் தபாலில் அனுப்பினாலும் அதைப் பரிசீலித்தாக வேண்டும். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது உங்கள் பகுதி மகளிர் குழு மூலமாக ஒரு கடிதம் போகட்டும். ராட்டு ஓடும் ஷெட்டில் கயிறு விற்பது கடையாகுமா ஆகாதா என்று ஆணையிலேயே தெளிவாக ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

சரி, இப்போது கையில் உள்ள வேலை. உங்களிடம் 74,000 ரூபாய் கேட்டு வந்த கடிதத்தை எடுங்கள். அதில் 126 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிக மதிப்பீட்டு ஆணை என்ற தலைப்பு இருக்கிறதா?

இருந்தால் வழி வேறு. மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அங்கீகாரமற்ற பயன்பாட்டைப் பற்றியது. ஒரு காரியத்துக்கு இணைப்பு வாங்கி வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும். அந்தப் பிரிவில் கட்டணம் இருமடங்காகப் போடுவார்கள். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதம்தான் கணக்கு. முதலில் தற்காலிக ஆணை, அதற்கு உங்கள் ஆட்சேபம், பிறகு இறுதி ஆணை. இறுதி ஆணை வந்தால் 30 நாளுக்குள் 127ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய வேண்டும், கேட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். அந்த 30 நாள் போனால் போனதுதான். அந்த வகை வழக்கை நுகர்வோர் நீதிமன்றமும் எடுக்காது, நான் கீழே சொல்லப்போகும் மன்றமும் எடுக்காது.

இல்லை, அந்த எண் எங்கும் காணவில்லை, "குறைவாகக் கணக்கிடப்பட்ட தொகை" என்றோ "தணிக்கை" என்றோ மட்டும் எழுதியிருக்கிறது என்றால், அது சாதாரண பில் தகராறு. உங்கள் மகன் எழுதிய விவரத்தை வைத்துப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று வருடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், இருமடங்கு போடவில்லை. மின்வாரியத்துக்குள்ளேயே தணிக்கைப் பிரிவு இருக்கிறது, அவர்கள் பிரிவு அலுவலகங்களின் கணக்கைப் பார்த்து இப்படிக் குறிப்பு எழுதுவது வழக்கம். ஆனாலும் ஊகத்தில் விடாதீர்கள். கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பாமல், நேரில் கொண்டுவந்து காட்டுங்கள். பின்பக்கத்தில் எழுதியிருப்பதும் முக்கியம்.

கரண்டை வெட்டிவிடுவார்கள் என்ற பயம்தான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. மூன்று பெண்களின் கூலி அந்த இரண்டு ராட்டில் இருக்கும்போது அந்தப் பயம் வரத்தான் செய்யும். மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவைச் சொல்கிறேன், கேளுங்கள். வாயால் சொல்லி வெட்ட முடியாது. முழுதாக 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அப்படித் தந்த பிறகும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதம் நீங்கள் கட்டிவந்த கட்டணத்தின் சராசரியில் கணக்கிட்ட தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. 74,000 ரூபாயைப் புரட்ட நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். வைக்காதீர்கள். வழக்கமாக வரும் பில்லை மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டிவிட்டு, ரசீதை வெள்ளை அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், "ரெண்டு வருஷம் தாண்டிய பாக்கியைக் கேக்கவே முடியாது, நீ பேசாம இரு" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது பாதிதான் சரி. அதே 56ஆம் பிரிவில், தொடர்ந்து பாக்கியாகக் காட்டப்படாத தொகையை, அது முதலில் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு வசூலிக்க முடியாது என்று இருப்பது உண்மை. ஆனால் ராஜஸ்தானிலிருந்து போன ஒரு வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அங்கேயும் பிரச்சினை உங்களுடையது மாதிரியேதான்: தவறான கட்டணக் குறியீடு போட்டதால் 2009 முதல் 2011 வரை விடுபட்ட தொகையை 2014இல் கேட்டார்கள். பில் போட்ட பிறகுதான் தொகை செலுத்த வேண்டியதாகிறது, தவறு தெரியவந்த பிறகு கூடுதல் பில் கேட்கலாம், ஆனால் இரண்டாண்டு கடந்த அந்தப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் இல்லை என்று சொன்னார்கள். ஆகவே இரண்டு வருடக் கணக்கை மட்டும் நம்பிப் பேசாமல் இருந்துவிட்டால் நாளைக்குச் சிக்கலாகும். நம் வாதத்தின் முதுகெலும்பு வீதப்பட்டிதான். உங்கள் வகை மாறவே இல்லை என்று காட்ட வேண்டும். அது எடுபடாமல் போனாலும் ஒன்று கேட்கலாம். இணைப்பு வாங்கிய நாளில் இருந்து நான் செய்வது ஒரே தொழில்தான், வகையைத் தீர்மானித்தது உங்கள் அலுவலகம், மாற்றுவதானால் இனிமேல்தானே மாற்ற வேண்டும், பழைய வருடங்களுக்கு எப்படி? இதை இரண்டாவதாக வைப்போம்.

எங்கே வைப்பது? சட்டம் ஒவ்வொரு மின் விநியோக நிறுவனமும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் அமைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்துக்கும் ஒன்று இருக்கிறது. நம்முடையது கன்னியாகுமரி வட்டம், நாகர்கோவிலிலேயே மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில். நீங்கள் இந்த வரியைப் படித்ததும் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்: "அப்போ இதுவும் அவங்க ஆபீசுதானா?" ஆமாம் அக்கா, அவர்களுடைய மன்றம்தான். தலைமை வகிப்பதும் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர்தான். நுகர்வோர் தரப்பில் உறுப்பினர் உண்டு, ஆனாலும் அது முழுக்க வெளியாள் கூடம் ஆகிவிடாது. இந்த அமைப்பு எனக்கும் உடன்பாடானது இல்லை. கட்டணம் கேட்பவரே கட்டணத் தகராறையும் விசாரிக்கிறார் என்ற எண்ணம் மக்களிடம் வந்தால், அங்கே கிடைக்கும் நல்ல உத்தரவையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் அதைத் தாண்டிப் போகவும் முடியாது, தாண்டிப் போகத் தேவையும் இல்லை. அந்த மன்றத்தின் உத்தரவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மின்குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர்தான் நீங்கள் தேடும் ஆள். அவரை நியமிப்பது மின்வாரியம் இல்லை, ஒழுங்குமுறை ஆணையம். முதல் படி அவர்கள் வீட்டுக்குள், இரண்டாம் படி வீட்டுக்கு வெளியே. முதல் படியில் நீங்கள் எழுதிக்கொடுத்த காகிதம்தான் இரண்டாம் படியிலும் பேசும். அதனால் மன்றத்துக்கு எழுதும் மனுவையே மின்குறைதீர்ப்பாளர் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுத வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்துக்கே நேராக எழுதலாமே என்று மகன் கேட்டால், தனி நுகர்வோரின் பில் தகராறு ஆணையத்தின் முன் வராது, மன்றமும் மின்குறைதீர்ப்பாளருமே அதற்கான இடம் என்று 2007இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்று அவனிடம் சொல்லுங்கள். நேராக எழுதினால் ஏழாவது மனுவும் திரும்பும்.

இங்கேதான் இன்னொரு வகைக் காகிதம் வேலைக்கு வருகிறது. மின்குறைதீர்ப்பாளர் இதுவரை தந்த உத்தரவுகளை இணையதளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அது நம்மவர்களுக்குப் பெரிய தடை. இதைத் தமிழில் தந்தே ஆக வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். உங்கள் மகன் படித்தவன், அவனை ஓர் ஞாயிற்றுக்கிழமை உட்காரச் சொல்லுங்கள். தணிக்கைக் குறிப்பினால் வீதப்பட்டி மாற்றி பழைய பாக்கி கேட்ட வழக்குகள் அதில் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு உத்தரவிலும் நுகர்வோர் சொன்னது, பொறியாளர் சொன்னது, எந்த விதியைப் பார்த்தார்கள், ஏன் இப்படி முடிவு என்று எல்லாம் இருக்கும். நமக்குச் சாதகமானது ஒன்று, எதிரானது ஒன்று, இரண்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். எதிரானதைப் படிக்கும்போதுதான் நம் ஷெட் அந்த ஷெட்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பது நமக்கே தெரியும்.

ஆண்டறிக்கை என்று ஒன்றையும் எல்லா ஆணையங்களும் தயாரிக்கின்றன. அரசியலமைப்பில் பிறந்த தேர்வாணையம் ஆளுநரிடம் தருகிறது, அது சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. சட்டத்தில் பிறந்த மனித உரிமை ஆணையம், தகவல் ஆணையம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இவற்றின் அறிக்கைகளும் சட்டமன்றத்துக்குப் போகின்றன. ஒரு ஆணையம் தன் வேலையைச் செய்கிறதா என்று சட்டமன்ற உறுப்பினர் கேட்பதற்கு அது ஆதாரம். உங்கள் வழக்குக்கு அது வேண்டாம்.

இனி தகவல் ஆணையம். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் அது இரண்டாம் மேல்முறையீட்டு இடம். முதலில் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் அதே துறையின் மேல் அலுவலரிடம் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பிறகுதான் 90 நாளுக்குள் ஆணையம். தராமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. நீங்கள் எதையும் கேட்காமலே கடைசிப் படியில் போய் நின்றீர்கள். இப்போது முதல் படியில் கேளுங்கள். அன்று வந்த இருவரும் எழுதிய ஆய்வுக் குறிப்பின் நகல், தணிக்கைக் குறிப்பின் நகல், நீங்கள் இணைப்பு கேட்டபோது கொடுத்த விண்ணப்பமும் அதை 3-ஏ(1) என்று அனுமதித்த கோப்பின் பக்கங்களும், 74,000 ரூபாய் எப்படி வந்தது என்ற மாதவாரிக் கணக்கு. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் ஏன் என்பதற்குப் பதில் வராது, எழுத்தில் உள்ள காகிதம்தான் வரும். நமக்கு வேண்டியதும் காகிதம்தான். இந்த பதிலுக்காக மன்ற மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம், இரண்டும் ஒன்றாகப் போகட்டும். விசாரணைக்குள் நகல் வந்துவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

தும்பு வாங்கிய ரசீதுகளையும், நீங்கள் எழுதி வைத்திருக்கும் கூலி நோட்டையும் தேடி எடுங்கள். உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், உடனே செய்துவிடுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் உதவி கேட்கலாம். பழைய வருடங்களுக்கு அது சாட்சி ஆகாது, ஆனால் இனி வரும் தணிக்கைக்கு நீங்கள் உற்பத்தி செய்பவர் என்று ஒரு காகிதம் பேசும். ஷெட்டில் ராட்டு ஓடுவதையும், தும்பு கட்டு அடுக்கியிருப்பதையும் படம் எடுத்து வையுங்கள்.

மைத்துனர் சொன்ன கொட்டாரக்கரை பற்றி. அவர் தப்பாகச் சொல்லவில்லை, அவர் மாநிலத்துக்கு அது சரி. கேரள மின்வாரியத்துக்கு கொட்டாரக்கரை, எறணாகுளம், கோழிக்கோடு என்று மூன்று இடத்தில்தான் அந்த மன்றம். பாறசாலைக்காரர் கொட்டாரக்கரைக்குத்தான் போக வேண்டும். மின்சாரச் சட்டம் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே, ஆனால் கட்டண ஆணையும் விதிகளும் அந்தந்த மாநில ஆணையம் வெளியிடுவது. 1956 நவம்பர் 1இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டதால், நம் பில்லுக்குப் பொறுப்பு இந்தப் பக்கத்து ஆணையத்துக்குத்தான். உறவுக்காரர்கள் இரு பக்கமும் இருக்கிற நம் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. அந்த வகையில் நாம் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள், ஈத்தாமொழியில் பஸ் ஏறினால் நாகர்கோவில் மன்றத்துக்குப் போய்விடலாம்.

நாகர்கோவில் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் சேர்த்துப் போடலாமா என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் தொழில் என்பதால் அங்கே உங்களுக்கு இடம் உண்டு என்று வாதிடலாம். ஆனால் ஒரே விஷயம் இன்னொரு இடத்தில் நிலுவையில் இருந்தால் மின் மன்றம் மனுவை எடுக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் தேர்வு மன்றமும் மின்குறைதீர்ப்பாளரும்தான், ஏனென்றால் வீதப்பட்டியை வரி வரியாகப் படிக்கிற பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது.

மனுவுக்கு ஆறு பக்கம் வேண்டாம். வீட்டுக்காரர் இறந்தது, மகன் வேலை தேடுவது, அலுவலகத்தில் அவமானப்படுத்தியது எல்லாம் உங்கள் பழைய மனுவில் இரண்டு பக்கம். அவை உண்மை, எனக்குப் படிக்கும்போது நெஞ்சு கனத்தது. ஆனால் வீதப்பட்டி எது என்று முடிவு செய்பவர் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. இப்படித் தொடங்குங்கள்:

"எனது மின் இணைப்பு வீதப்பட்டி 3-ஏ(1)இல் வழங்கப்பட்டது. இணைப்பு பெற்ற நாள் முதல் இன்றுவரை இதே இடத்தில் தும்பிலிருந்து கயிறு உற்பத்தி செய்யும் தொழில் மட்டுமே நடக்கிறது. இணைக்கப்பட்ட மின்சுமை 12 கிலோவாட்டுக்கு உட்பட்டது. எனவே ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைப்படி எனது இணைப்பு வீதப்பட்டி 5இல் வராது. வீதப்பட்டி மாற்றத்தையும், மூன்று ஆண்டுகளுக்குக் கோரப்பட்ட ரூ.74,000ஐயும் ரத்து செய்யுமாறும், முடிவு வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதற்குக் கீழே கட்டண ஆணையின் அந்தப் பக்கத்தின் நகல், வெள்ளை அட்டையின் நகல், கேட்புக் கடிதத்தின் நகல். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையோடு அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். விசாரணை நாளில் வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். ராட்டில் கயிறு எப்படி ஏறுகிறது என்று உங்களைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது. வேலைக்கு வரும் மூன்று பெண்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், திரித்த கயிறு ஒரு முடியும், திரிக்காத தும்பு ஒரு பிடியும் பையில் இருக்கட்டும். உத்தரவு கைக்கு வந்த அன்றே, சாதகமோ பாதகமோ, உறையின் மேல் வந்த தேதியை எழுதிவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.